கார் நிக்கோபாரில் இரண்டு நாட்கள்

நாம் ரயில்வேயில் சரக்குப் பிரிவு எழுத்தர். தண்டவாளத்தில் வந்ததைத் தண்டவாளத்திலேயே அனுப்பி வைப்பது நம் உத்தியோகம். அத்தகைய நாம், தண்டவாளமே இல்லாத, சில இடங்களில் சாலையும் இல்லாத ஒரு தீவில், ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஜீப்பில் காடு புகுந்தும் பாறை ஏறியும் கழித்தோம் என்றால், மும்பையில் நம்மை அறிந்த அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் நடந்தது அதுவே.

இத்தீவுக்கு உல்லாசப் பிரயாணிகளாகச் செல்ல இயலாது. பழங்குடி மக்களைக் காக்க 1956-இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதியின்படி அனுமதிச் சீட்டுப் பெற்றவர்களே கரையில் இறங்கலாம். நம் மைத்துனர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே உத்தியோகத்தில் இருப்பதால், உறவினர் என்ற முறையில் நமக்கும் நம் இல்லாளுக்கும் சீட்டுக் கிடைத்தது. போர்ட் பிளேர் என்று முன்பு வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் கப்பலேறி, பத்துப் பாகைக் கால்வாய் எனப்படும் அகன்ற கடற்பரப்பைக் கடந்து, வெள்ளிக்கிழமையன்று மூஸ் துறையில் இறங்கினோம்.

புறப்படுமுன் பரமக்குடியில் மாமியார் எங்களிடம் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்: “போனது போதும், அவனை அழைத்துக்கொண்டு வாருங்கள்.” அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு நம் இல்லாளுடையது.

கார் நிக்கோபார் ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 17,841. இராஜேந்திர சோழரின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் எனக் குறிக்கப்படுவது இந்நிக்கோபார்த் தீவுக்கூட்டமே என்று அறிஞர் கூறுவர். பெரும்பாலும் சமதரை, எங்கு நோக்கினும் தென்னை. வடபுறத்தில் சில செங்குத்துக் கரைகளும், உட்புறத்தில் பவழப் பாறையாலான சிறு மேடுகளும் உண்டு.

சனிக்கிழமை காலை, நிக்கோபாரி இளைஞர் ஒருவர் ஜீப் ஓட்ட, மலாக்காவின் பழைய கரைப்பக்கம் சென்றோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நில அதிர்ச்சியில் இத்தீவு ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. ஆதலால் முன்பு ஊராக இருந்த இடங்கள் சில இன்று கடலுக்குள் உள்ளன. பட்டுப்போன தென்னை மரங்களும் வீடுகளின் அடித்தளங்களும் நீரில் நிற்கக் கண்டோம். சாலை ஓரிடத்தில் அறுந்து கிடந்தது. அதற்கப்பால் தோப்புக்குள் புகவேண்டும்.

“போகலாமே, பாதைதான் தெரிகிறதே!” என்றோம் நாம். ஓட்டுநர் அசையவில்லை. மைத்துனர் இறங்கிச் சென்று, ஊர்த் தலைவரை அழைத்து வந்தார்; இங்கே தலைவரைக் ‘காப்டன்’ என்பர். அவர் எங்களை உற்றுப் பார்த்து, ஓட்டுநரிடம் ஏதோ வினவி, பின் தலையசைத்தார். துஹேத் என்னும் கூட்டுக்குடும்பங்களுக்கு உரியது இந்நிலம். எந்தத் தென்னை யாருடையது என்பது அவர்களுக்குத் தெரியும். சாலையை விட்டு இறங்கினால் ஒருவர் வீட்டு முற்றத்தில் இறங்குவதாகவே பொருள் என்று மைத்துனர் விளக்கினார். நாம் நாணினோம்.

தோப்புக்குள் மணல் இளகியிருந்தது. ஓட்டுநர் சக்கரங்களின் காற்றைச் சிறிது குறைத்தார்; சக்கரம் தட்டையாகி அகன்று படிந்தால் மணலில் புதையாதாம். அப்படியும் ஓரிடத்தில் பின்சக்கரம் புதைந்தது. நாங்கள் இருவரும் இறங்கித் தள்ளினோம். சேறு முகத்தில் தெறித்ததே பயன். பிறகு அவர் தென்னை மட்டைகளைச் சக்கரத்தின்கீழ் பரப்பி, நான்கு சக்கரமும் இழுக்கும் விசையை மாற்றி, மெல்ல வெளியேற்றினார். இல்லாள் நம் முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நெடுநாளைக்குப் பின் அன்றுதான் கேட்டோம்.

மறுநாள் ஞாயிறு. தேவாலயத்தில் பாட்டொலி கேட்கும் வேளையில், உட்புறத்து மேடு ஒன்றின் அடிக்குச் சென்றோம். நான்கு ஆள் உயரமே இருக்கும். ஆனால் பவழப்பாறை கத்திபோல் கூர்மையானது. உள்ளங்கைகளில் சாக்குத்துணி சுற்றிக்கொண்டோம். மைத்துனர் முதலில் ஏறி, மேலே ஒரு மரத்தில் கயிற்றைச் சுற்றி, எங்கள் இடுப்புக்குக் கட்ட விட்டார். “இரண்டு கால், இரண்டு கை, எப்போதும் மூன்று பாறையில் இருக்கவேண்டும், ஒன்றுதான் நகரவேண்டும். பிடிக்குமுன் தட்டிப் பாருங்கள் மாப்பிள்ளை, பொந்தாக ஒலித்தால் ஒடியும்” என்றார். இல்லாள் தடையின்றி ஏறிவிட்டாள். நாம் பாதியில் நின்று, கீழே நோக்கி, கால் நடுங்கி, “மச்சான், கயிற்றைப் பிடியுங்கள்!” என்று கூவினோம்.

மேலே சென்றதும் தென்னந்தலைகளுக்கு அப்பால் கடல் தெரிந்தது. அப்போதுதான் மைத்துனர் சொன்னார்: “அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். தரை ஆடி நின்றதும் கடல் பின்வாங்கியது. அதைக் கண்ட பெரியவர்கள் உள்ளே ஓடச் சொன்னார்கள். நேற்று வந்த தோப்பு வழியாகத்தான் ஓடினோம். இந்தப் பாறையில் என்னால் ஏற முடியவில்லை. பெயர் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இங்கேயே இரவைக் கழித்தோம். குடிக்க நீரில்லை. அவர் இளநீர் வெட்டி முதலில் எனக்குக் கொடுத்து, பிறகு தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.”

அவர் உயிரோடிருக்கும் செய்தி பரமக்குடிக்கு ஒன்பதாம் நாள் வந்தது. அந்த ஒன்பது நாளும் பள்ளிச் சிறுமியாக இருந்த நம் இல்லாள் வாசற்படியை விட்டு நகரவில்லையாம்.

“அண்ணே, அம்மா உன்னைக் கையோடு கூட்டிவரச் சொன்னாள்” என்றாள் அவள்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நேற்று வழிவிட்ட காப்டன் யார் தெரியுமா? அந்தப் பிள்ளைகளில் மூத்தவர். அம்மாவை ஒருமுறை இங்கே கூட்டிவா. பார்த்துவிட்டு அவளே முடிவு சொல்லட்டும்” என்றார்.

இல்லாள் மறுமொழி சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதைப் பாறை ஏற விரும்பும் அன்பர்கள் நினைவில் வைப்பார்களாக. மாமியாருக்கு அனுமதிச் சீட்டுக் கேட்டு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். அவருக்கு வயது எழுபத்திரண்டு, இதுவரை கப்பலேறியதில்லை.