உத்திரம் மூச்சு விடணும்

அக்காளின் பேரன் பிரான்சில், லியோன் பக்கத்தில் மர வீடு கட்டும் வேலையில் இருக்கிறான். போன தை மாதம் புதுச்சேரிக்கு வந்தவன் கைபேசியில் படம் காட்டினான். ஐந்து மாடி, முழுக்க மரம். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசை போட்டு அழுத்தி, சுவர் அளவுக்குப் பாளம் பாளமாகச் செய்கிறார்களாம். நார்வேயில் 2019-இல் 18 மாடி, 85 மீட்டர் உயரத்துக்கு ஒரு மரக் கட்டடமே எழுப்பிவிட்டார்களாம்.

"மழையில உளுத்துப் போயிடாதாடா?" என்று கேட்டேன்.

"அதைப் பார்க்கிறதுதான் தாத்தா என் வேலையே" என்றான். மேல் பலகைக்கும் உள்சுவருக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி விடுவார்களாம். பிரெஞ்சில் 'லாம் தேர்' என்றான். எங்கள் கிளாசில் 'லாம்' என்றால் கத்தியின் அலகு. இங்கே காற்றின் மெல்லிய தகடு. உள்ளே புகுந்த தண்ணீர் அதன் வழியே கீழே வடிந்துவிடும். மிச்ச ஈரத்தைக் காற்று உலர்த்தும். மரத்தில் ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல் நெடுநாள் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். அறுத்த முனைதான் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அதனால் முனைகளைத்தான் முதலில் காப்பார்களாம்.

அவன் பேசப் பேச எனக்கு 1991 ஞாபகம் வந்துவிட்டது.

எங்களுடையது பழைய மெத்தை வீடு. தேக்கு உத்திரம், மேலே சாய்த்து அடுக்கிய செங்கல், அதன்மேல் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து இடித்த சுண்ணாம்புத் தளம். அந்த வருஷம் ஒழுகியது. ஜி.பி.எஃப்.பில் முன்பணம் வாங்கினேன். அப்பா காலத்துக் கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "ஐயா, சுண்ணாம்பாலேயே பண்ணிடலாம். உத்திர முனையச் சிமெண்டால அடைச்சிடாதீங்க. மரம் நனைஞ்சாப் பரவாயில்ல, காயறதுக்கு வழி வேணும்" என்றார்.

நான் பிரெவே பாஸ் செய்தவன், அவர் கைநாட்டு. சிரித்துவிட்டு வேறு ஆளை வைத்து மேலே சிமெண்ட் பூசி, உத்திர முனைகளையும் கெட்டியாக அடைத்துவிட்டேன். ஒழுகல் நின்றது. எனக்கு ஏகப் பெருமை.

வெயிலில் சிமெண்டில் மயிரிழை வெடிப்பு விட்டது. அதன் வழியே உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. ஆறு வருஷம் கழித்து ஒரு கார்த்திகை மழையில், விடியற்காலை, கூடத்து உத்திரம் ஒன்று முனையில் முறிந்து, செங்கல்லோடு அம்மா படுக்கும் பாய்மேல் விழுந்தது. அம்மா அப்போதுதான் காப்பி போட எழுந்து அடுக்களைக்குப் போயிருந்தார்கள். முறிந்த முனையைத் தொட்டேன். ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. நடுமரம் மட்டும் இரும்பு போல இருந்தது.

அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கொத்தனாரைத் தேடிப் போனேன். போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

2014 நவம்பர் மழையில் கடற்கரையில் நம் பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். அன்றும் எனக்குக் கொத்தனார் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். "தாத்தா, எங்களுக்கு வகுப்பில் சொல்லித்தந்ததும் அதேதான்" என்றான்.

பழைய மெத்தை வீடு வைத்திருக்கும் நண்பர்களே, ஐப்பசி பிறக்குமுன் தண்ணீர்த் தூம்பைச் சுத்தம் செய்யுங்கள். உத்திர முனையில் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள்.