துரையப்பா திடல்

யாழ்ப்பாணத்தில், மாநகர முதல்வராக விளங்கிய ஆல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது ஒரு விளையாட்டரங்கம். போர்க்காலத்தில், 1997 முதல் அது பயன்பாடின்றிக் கிடந்தது. அவ்வாண்டு பிறந்த குழந்தை அத்திடலில் ஓடிப் பழகாமலே பள்ளிப் பருவத்தைக் கடந்துவிட்டது. இடிந்த சுவரை எழுப்பிவிடலாம்; கழிந்துபோன பத்து வயதை யார் திருப்பித் தருவார்?

இந்திய அரசு ஏறத்தாழ 7 கோடி ரூபாய் செலவில் அதனைப் புதுப்பித்தது. அமர்வதற்கு 1850 இருக்கைகள். சேப்பாக்கத்தோடு ஒப்பிட்டால் சிறு எண்தான், யாழ்ப்பாணத்துச் சிறுவருக்கோ அது பெரிது. 2016 ஜூன் 18 அன்று அதிபர் மைத்திரிபால சிறிசேன நேரிலும், பிரதமர் நரேந்திர மோடி தில்லியிலிருந்து காணொலி வழியாகவும் திறந்துவைத்தனர். யோகாசனம் செய்ய ஆயிரக்கணக்கான மாணவர் திடலில் திரண்டனர். அவர்களுள் பலர், அங்கே ஆட்டம் ஓய்ந்தபின் பிறந்தவர்கள்.