எக்ஸ்-மென்னும் எங்க அத்தையும்

"எக்ஸ்-மென் படிக்கணும்டா, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று வகுப்பில் யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். "எங்கேர்ந்து வேணா ஆரம்பி, எப்படியும் புரியாது." கேட்டவன் முறைப்பான். ஆனால் உண்மை அதுதான் மக்களே. 1963-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிய கதை. சரியாக விற்கவில்லை என்று 1970 முதல் 75 வரை புதுக்கதையே இல்லாமல் பழசைத் திரும்ப அச்சடித்து ஓட்டினார்கள். 1975-ல் வுல்வரின், ஸ்டார்ம் எல்லாம் சேர்ந்த புது அணி வந்தது. அப்போது பேனாவைப் பிடித்த கிறிஸ் கிளேர்மான்ட் 1991 வரை கீழே வைக்கவில்லை. நம்மூர் மெகா சீரியல்காரர்கள் எல்லாம் அவர் காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டும்.

நான் ஆரம்பித்தது 175-வது இதழில். (கொசுவத்தி சுத்துது...) ஒன்பதாம் வகுப்பு. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் கைடு வாங்கப் போன இடத்தில் அட்டை கிழிந்து கிடந்தது. இருபது ரூபாய். அதுவரை எனக்குத் தெரிந்த காமிக்ஸ் அப்பா சேர்த்து வைத்திருந்த இரும்புக்கை மாயாவிதான். அதில் ஒரு கதை, ஒரு வில்லன், சுபம். இதிலோ முதல் பக்கத்திலிருந்தே எல்லோரும் ஏற்கனவே அழுதுகொண்டிருக்கிறார்கள். ஜீன் என்று ஒருத்தி செத்துப்போயிருக்கிறாள். அவள் காதலன் ஸ்காட் என்கிற சைக்ளாப்ஸ். அவனுக்கு இப்போது மேட்லின் என்று ஒரு பெண்ணோடு கல்யாணம். மேட்லின் பார்க்க அச்சு அசல் ஜீன் மாதிரியே இருக்கிறாள். யாரும் எதையும் முதலிலிருந்து சொல்வதாக இல்லை. பந்தி பாதியில் இருக்கும்போது கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரோடு ஏன் பேசுவதில்லை, ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் சாப்பாடு நன்றாக இருந்தது :-)

அதுதான் இந்த மாதிரிக் கதைகளின் போதை. ஓரத்தில் நட்சத்திரக்குறி போட்டு, இது இத்தனாவது இதழில் நடந்தது என்று பொடி எழுத்தில் ஆசிரியர் குறிப்பு வரும். அந்த இதழ் நம்மிடம் இருக்காது. அதனால் அதில் என்ன நடந்திருக்கும் என்று நாமே ஒரு கதை கட்டிக்கொள்வோம். ஜீன் எப்படிச் செத்திருப்பாள் என்று நான் மட்டும் ஏழெட்டு விதமாக யோசித்து வைத்திருந்தேன். கல்லூரிக்கு வந்தபின் அறைத்தோழனின் மார்வல் அன்லிமிடெட் சந்தாவில் தொற்றிக்கொண்டு நிஜக்கதையைப் படித்தேன். 1980-ல் வந்த 137-வது இதழ். நிலாவில், தன் சக்தி தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று தெரிந்து, தன்னைத்தானே அழித்துக்கொள்கிறாள். என் ஏழெட்டில் ஒன்றுகூட அதன் பக்கத்தில் வரவில்லை. முதலில் அவள் உயிரோடு இருப்பதாகத்தான் முடிவு இருந்ததாம். ஒரு கிரகத்தையே அழித்து, கோடிக்கணக்கான உயிர்களைக் கொன்றவளை அப்படியே விடக்கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் பிடிவாதம் பிடித்ததால் மாறியது. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது. செய்ததற்கு விலை உண்டு என்று ஒரு காமிக்ஸ் சொல்கிறதே!

ஆனால் விலையை ஆறே வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1986-ல் பழைய ஐந்து பேரையும் சேர்த்து எக்ஸ்-ஃபேக்டர் என்று புதுப் பத்திரிகை தொடங்க வேண்டியிருந்தது. ஐந்தாவது ஆள் செத்துப்போயிருந்தாளே, என்ன செய்வது? செத்தது ஜீன் இல்லை, அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட ஒரு சக்தி, நிஜ ஜீன் இத்தனை நாளும் நியூயார்க் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று சொல்லிவிட்டார்கள். சரி, காமிக்ஸ்தானே. ஆனால் ஸ்காட்டுக்கு அதற்குள் கல்யாணம் ஆகி, கைக்குழந்தையும் இருக்கிறது. ஜீன் உயிரோடு இருக்கிறாள் என்று போன் வருகிறது. மனிதர் மனைவியையும் பிள்ளையையும் அலாஸ்காவில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் அந்தப் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இருபது ரூபாய் கொடுத்து நான் பார்த்த கல்யாணம் அது.

இதற்கப்புறம் நடந்ததுதான் மேட்டர். கதாநாயகன் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவனாக இருக்கக்கூடாது இல்லையா? அவனைத் திருத்தலாம், மன்னிப்புக் கேட்க வைக்கலாம். அதெல்லாம் கஷ்டம். அதனால் அவளைத் திருத்தினார்கள். கிளேர்மான்ட் முதலில் உருவாக்கிய மேட்லின் சாதாரண மனுஷி. சரக்கு விமானம் ஓட்டும் பைலட். ஜீன் ஜாடை தற்செயல். கல்யாணம் பண்ணிக்கொண்டு ஸ்காட் நிம்மதியாக ஓய்வு பெறுவதாகத்தான் அவர் திட்டம். 1989 வாக்கில் கதை மாறிவிட்டது. அவள் மனுஷியே இல்லை, சினிஸ்டர் என்ற வில்லன் ஜீனைப் பார்த்து உண்டாக்கிய நகல். அது போதாதென்று பிசாசுகளோடு சேர்ந்து, பெற்ற பிள்ளையையே பலிகொடுக்கத் துணிந்த ராட்சசி. கடைசியில் செத்தும் போகிறாள். ஸ்காட் மேல் தப்பே இல்லை. அவன் விட்டுவிட்டு வந்தது மனைவியையா என்ன?

இதைப் படித்தபோது எனக்கு எங்க அத்தை ஞாபகம் வந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை. மாடி போர்ஷனில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். மாமா துபாயில் வேலை பார்க்கிறார், லீவு கிடைக்கவில்லை, இதுதான் எனக்குச் சின்ன வயசில் சொல்லப்பட்ட கதை. முதல் பதிப்பு. எட்டாம் வகுப்பில் இரண்டாவது பதிப்பு காதில் விழுந்தது. மாமா துபாயெல்லாம் போகவில்லை. திருப்பூரில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார். சரி, தப்பு யார் மேல் என்பது பச்சைக்குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று நினைப்பீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு புதுக் குறிப்பு சேர்ந்தது. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்புறம், அவளுக்குச் சமைக்கத் தெரியாது. (எங்க வீட்டுத் தீபாவளி அதிரசம் முழுக்க அத்தை கைதான்.) போன வருஷம் ஒரு சித்தப்பா கல்யாணத்தில் புதுசாக ஒன்று: கல்யாணத்துக்கு முன்னாடியே அவளுக்கு வலிப்பு இருந்ததாம், மறைத்துக் கட்டிவைத்தார்களாம். அத்தையின் இருபது வயசுக்குள் புகுந்து திருத்திவிட்டு வந்துவிட்டார்கள். சொன்னது மாமா வீட்டு ஆள்கூட இல்லை, நம்ம ஆள். பக்கத்தில் அப்பா இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டான் லீ காலத்தில் நோ-ப்ரைஸ் என்று ஒன்று உண்டு. கதையில் ஓட்டை இருந்தால், அது ஏன் ஓட்டையே இல்லை என்று சாமர்த்தியமாக விளக்கும் வாசகருக்கு அனுப்புவார்கள். பரிசு என்ன தெரியுமா? காலி உறை. எங்க சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு உறை அனுப்பலாம் என்று தோன்றியது.

அதில் ஒன்று எனக்கும் வரவேண்டும். எட்டாம் வகுப்பில், இரண்டாவது பதிப்பைக் கேட்ட அந்த வாரமே, பெரிய மனுஷன் மாதிரி அத்தையிடம் போய், "நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்ல அத்தை" என்று சொன்னேன். பாட்டி சொன்னதை அப்படியே ஒப்பித்தேன், அவ்வளவுதான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு என் யூனிபார்ம் பேண்ட்டுக்குத்தான் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

இந்த லீவில் அத்தையிடம் மேட்லின் கதையைச் சொன்னேன். மன்னிப்பு என்றெல்லாம் தனியாகக் கேட்க வாய் வரவில்லை. கிழிந்த 175-ஐ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், பொத்தான் டப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நிலாவில் ஜீன் செத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை கல்யாணப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கவுன் தையல் நல்லா வரைஞ்சிருக்கான்" என்றார்.

"அந்தப் புள்ள என்னாச்சு?"

"அவனை எதிர்காலத்துக்கு அனுப்பிட்டாங்க அத்தை. அங்க வளந்து, கேபிள்னு பேர் வச்சுக்கிட்டு திரும்பி வந்தான். அப்பனைவிடப் பையனுக்கு வயசு ஜாஸ்தி."

சிரித்துவிட்டார். ரொம்ப நாள் கழித்து அப்படிச் சிரித்துப் பார்த்தேன். "அப்ப அவன்தான் அப்பனுக்குப் புத்தி சொல்லணும்."

"சொன்ன மாதிரி தெரியல."

"அவ? செத்தே போயிட்டாளா?"

"திரும்ப வந்துட்டா. அங்க யாருமே நிரந்தரமா சாக மாட்டாங்க. இப்பல்லாம் லிம்போன்னு பிசாசுங்க ஊர் ஒண்ணு இருக்கு, 2022-ல அதுக்கு அவளை ராணி ஆக்கிட்டாங்க."

அத்தை ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே யோசித்தார்.

"ராணியெல்லாம் கெடக்கட்டும். ஏரோப்ளேன் ஓட்டிக்கிட்டிருந்தாளே, அந்த வேலைக்குத் திரும்பப் போனாளா?"