மீந்த நூல்

மீந்துபோன கம்பளி நூலைக்கொண்டு குரோஷாப் போர்வை பின்னுவதைக் கைவேலைகளில் தாழ்ந்த ரகம் என்று நினைக்கிறார்கள். புது நூல் வாங்கி, நிறம் தேர்ந்து, மாதிரிப் படத்தைப் பார்த்துப் பின்னுகிறவர்களுக்கு உள்ள மரியாதை இதற்கு இல்லை. இந்த வரிசைப்படுத்தலில் எனக்குச் சம்மதமில்லை. கைக்கு வந்ததை வைத்துக்கொண்டு, அது அனுமதிக்கிற வரையில் ஒரு உருவத்தை எட்டுவதுதான் இங்கே நடக்கிறது. கவிதையில் இதையே வேறு பெயர்கள் கொடுத்து விதந்து பேசுகிறோம். ஆனால் ஒப்புமையை உடனே நீட்டிவிடக் கூடாது. கவிதைக்குப் போர்த்திக்கொள்ள ஆள் வேண்டியதில்லை. இந்தப் போர்வைக்கு ஆள் இருக்கிறாள்: ஊட்டியில் ஹாஸ்டலில் சேர்ந்திருக்கும் அக்கா மகள்.

சென்ற வருஷம் அம்மா இறந்த பிறகு, குன்னூர் வீட்டிலிருந்த தகரப் பெட்டி கோத்தகிரியில் அக்காவிடம் வந்தது. உள்ளே முப்பது வருஷத்து மிச்சங்கள். என் பள்ளிக்கூட ஸ்வெட்டரின் கருநீலம், அக்கா மகள் பிறந்தபோது பின்னிய தொப்பியின் மஞ்சள், யாருக்காக வாங்கியதென்று எங்கள் இருவருக்குமே தெரியாத ஒரு அரக்குச் சிவப்பு. அம்மா கான்வென்ட் தையல் வகுப்பில் கற்றுக்கொண்டவள். மலையில் குளிர் இருப்பதால் இந்த வித்தை அங்கே வெறும் அலங்காரமாகிவிடாமல் தப்பியது. சமவெளியில் டெலிபோனுக்கும் டி.வி.க்கும் உறை போட்டதோடு சரி. (2016 ஜனவரியில், போர்வைக்கே அவசியமில்லாத சென்னையில், பெண்கள் ஒன்றுகூடி 11,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். அதன் அழகு வேறு வகை.)

இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசிமேல் உயிரோடு நிற்கின்றன. ஒன்று நழுவினால் அடிவரை ஓடும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரு சமயத்தில் உயிரோடிருப்பது ஒரே கண்ணிதான். கொக்கி ஊசி ஒன்றை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போகிறது. ஆகவே நூல் தீர்ந்த இடத்தில் நிறுத்தலாம், வேறு நிறத்தை இணைத்துத் தொடரலாம். நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளரும் சதுரம் இதற்கென்றே அமைந்தது. 1885-லேயே அமெரிக்காவில் 'ப்ரெய்ரி ஃபார்மர்' என்ற விவசாயப் பத்திரிகை அதை அச்சிட்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தியதைவிட அதிக நூல் வேண்டும். அதனால் ஆகச் சிறிய உருண்டை நடுவுக்கு, பெரியது வெளிச்சுற்றுக்கு. எந்த நிறம் எங்கே என்பதை ரசனை அல்ல, அளவு தீர்மானிக்கிறது. பல நிறங்கள் மாறிமாறி வரும்படி சாயமேற்றிய நூல் இப்போது ஒரே உருண்டையாகக் கடையில் கிடைக்கிறது. அதில் பின்னினால் மிச்சம்போலவே தோன்றும். தட்டுப்பாடு இல்லாத இடத்தில் தட்டுப்பாட்டின் பாவனை. சிதறலைத் திட்டமிட்டு எழுதும் நம் புதுக்கவிஞர்கள் சிலருக்கு அந்த நூல் பிடிக்கும்.

பெட்டியில் ஆகப் பெரியது பழுப்பு. அது உருண்டையாக இல்லை. அப்பாவுக்கென்று ஆரம்பித்த ஸ்வெட்டர்: முதுகும் ஒரு கையும் முடிந்து, முன்பக்கம் பாதியில் ஊசியோடு நின்றது. 2009-ல் அப்பா போனார். அம்மா ஊசியை உருவவில்லை. அதே நம்பர் ஊசி வேறொரு ஜோடி வாங்கிக்கொண்டாள். நாற்பத்தெட்டு சதுரங்களுக்கும் பொதுவான வெளிச்சுற்று வேண்டுமென்றால் அந்தப் பழுப்பைத் தவிர வேறு நூல் போதாது. பிரிக்கப்போகிறேன் என்றாள் அக்கா. கூடாது என்றேன்.

முடிக்காமல் விட்டதற்கும் ஒரு அர்த்தம் உண்டு, புதுமைப்பித்தன் முற்றுப்பெறாமல் விட்ட 'அன்னை இட்ட தீ'யை அதற்காகவும்தான் படிக்கிறோம் என்றெல்லாம் சொன்னேன்.

"அது அச்சுல இருக்குடா. எத்தனை பேர் வேணும்னாலும் படிக்கலாம். இதைப் பூச்சி மட்டும்தான் படிக்கும்."

இதை ஒரு விமர்சன நிலைப்பாடாகவே எடுத்துக்கொள்கிறேன். எழுத்து காகிதத்தை விட்டுவிட்டு இன்னொரு காகிதத்துக்குப் போய்விடும். கம்பளிக்கு அந்த வசதி கிடையாது. நூலாக இருக்கலாம், அல்லது பாதி ஸ்வெட்டராக இருக்கலாம். ஆனாலும் அந்த இரண்டாவது ஜோடி ஊசி என் கட்சிக்கு வலுவான ஆதாரம் என்றே இன்றும் நினைக்கிறேன். அம்மா மறதியாக விடவில்லை, தெரிந்தே நிறுத்தியிருக்கிறாள். அக்கா இதை மறுக்கவில்லை. மறுநாள் காலை பிரிக்க உட்கார்ந்தாள். நூலைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டாள்.

பிரித்த நூல் நேராக வருவதில்லை. ஒவ்வொரு கண்ணியின் வளைவும் அப்படியே தங்கி, நெளிநெளியாக வருகிறது. நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்த்திக் கட்டி, தண்ணீரில் நனைத்து, அடியில் கனம் தொங்கவிட்டுக் காயப்போட வேண்டும். கோத்தகிரி மழையில் மூன்று நாள் ஆயிற்று. வீடு முழுக்க நனைந்த ஆட்டு ரோம வாசனை. மற்ற உருண்டைகள் பெரும்பாலும் அக்ரிலிக், இது ஒன்றுதான் அசல் கம்பளி. வெந்நீர் பட்டால் இது மட்டும் சுருங்கி மற்றதை இழுத்துவிடும். போர்வையைப் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கவேண்டும் என்று மகளுக்கு இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.

இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் பாங்க் கிடையாது. கோவையிலிருந்து பஸ் பிடித்துப் போய்விடுகிறேன். வால்களைச் செருகுவது என் வேலை. ஒரு சதுரத்துக்கு ஆறு சுற்று, சுற்றுக்கு இரண்டு நூல் நுனி, ஆக 576. மொட்டை ஊசியில் கோத்து, அதே நிறத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டி நறுக்க வேண்டும். நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. பழுப்பு வால்கள் மட்டும் சற்று முரண்டு பிடிக்கின்றன, நெளிவு முழுவதும் போகவில்லை.

முப்பத்தொன்பது சதுரங்கள் ஆகிவிட்டன. எல்லாம் முடிந்து சேர்த்துப் பின்னும்போது பழுப்பு மிஞ்சாது. ஒரு உருண்டை வெள்ளை வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம், உன் கருநீலம் இருக்கிறதே என்கிறாள்.