மாமியாரும் சொல்லணும்

கோயில் வளைகாப்புகளில் ஒரு பேச்சு காதில் விழுது: "பிரஷர் ஏறிடுச்சாம், அவ்வளவு ஊறுகாய் தின்னா ஏறாதா?" பாவம் அந்தப் பெண்.

என் அக்காவுக்கு முதல் பிரசவத்தில் பிரஷர் ஏறி வலிப்பே வந்தது. இப்போ அவர் மகளுக்கும் ஏழாம் மாசத்தில் பிரஷர். யாரைப் பழி சொல்றது? அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ இருந்திருந்தால் வாய்ப்பு கூடும். புருஷன் வழியாகவும் வரலாம். நஞ்சுக்கொடியில் இருப்பது குழந்தையின் மரபணு, அதில் பாதி அப்பாவுடையது. அதனால் மாமியாரும் தன் பிரசவத்தில் நடந்ததை மருமகளிடம் மறைக்காமல் சொல்லணும். முதல் செக்கப்பிலேயே கிளினிக் மிஸ்ஸியிடம் சொல்லிடுங்க. தேவைப்பட்டால் டாக்டர் 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார். நாமே வாங்கிச் சாப்பிடக் கூடாது.

பிரஷர் 140/90 ஆனாலோ, விடாத தலைவலி, கண் மங்கல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி போங்க. அர்ச்சனைக்கு நான் சீட்டு எடுத்து வைக்கிறேன்.