கை மட்டும் தெரியவேண்டும்

நாம் விரும்பிப் படித்த கதையொன்று திரைப்படமாக வந்தால், படம் முடிந்து அரங்கில் விளக்கு எரிவதற்கு முன்பே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "கதையைக் கெடுத்துப்போட்டாங்கள்." கல்கியின் வாசகர்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள், பேட்மேன் ரசிகர்களும் சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகையொன்றில் சினிமாப் பக்கத்துக்கு வரும் வாசகர் கடிதங்களைப் படித்துத் தெரிவுசெய்யும் பணி சில ஆண்டுகள் எனக்கு வாய்த்திருந்தது. சாகச நாயகர்களின் கதைகளும் விஞ்ஞானக் கதைகளும் படமாகும்போது வந்த கடிதங்களில் சூடு அதிகம். அச்சூடு ஒன்றுபோலத் தோன்றினாலும் முறைப்பாடு இருவகைப்பட்டது என்பதைக் காலப்போக்கில் கண்டுகொண்டேன். ஒன்று உருவம் பற்றியது. மற்றது விதி பற்றியது.

உருவம் பற்றிய முறைப்பாடு எப்போதும் படம் வெளிவருவதற்கு முன்பே எழும். 1988 இல் பேட்மேன் வேடத்துக்கு மைக்கேல் கீட்டன் தெரிவானபோது, நகைச்சுவை நடிகர் ஒருவர் இந்த வேடத்தை ஏற்பதா என்று அமெரிக்க ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். வார்னர் நிறுவனத்துக்குச் சுமார் 50,000 கண்டனக் கடிதங்கள் போயின என்பர். 1989 இல் படம் வந்தது. கண்டனம் காற்றில் கலைந்தது. ஹீத் லெட்ஜரை ஜோக்கராக்கியபோதும் இதே கூச்சல்தான். 2008 இல் வெளிவந்த அப்படத்துக்காக, அவர் மறைந்தபின் அவருக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. 2002 இல் வந்த ஸ்பைடர்மேன் படத்தில், சித்திரக்கதையில் அவன் தானே செய்துகொண்ட வலைவீசும் கருவியை நீக்கிவிட்டு, மணிக்கட்டிலிருந்தே வலை சுரப்பதாகக் காட்டினார்கள். அதற்கும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. இன்றோ அப்படத்தை மிகுந்த பிரியத்தோடு நினைவுகூர்பவர்களில் அன்று எதிர்த்தவர்களும் இருக்கிறார்கள்.

விதி பற்றிய முறைப்பாடு இவ்வாறு கரைந்துபோவதில்லை. ஜட்ஜ் ட்ரெட் என்ற பாத்திரம் 1977 இல் பிரித்தானியச் சித்திரக்கதை இதழொன்றில் தோன்றியது. அவன் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்டுவதில்லை; சட்டத்துக்கு முகமில்லை என்பது அதன் பொருள். 1995 இல் வந்த படத்தில் சில்வெஸ்டர் ஸ்டலோன் கவசத்தைக் கழற்றிவைத்துவிட்டு நடித்தார். நட்சத்திரத்துக்குக் கொடுத்த சம்பளம் திரையில் தெரியவேண்டுமல்லவா! ரசிகர்கள் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. 2012 இல் கார்ல் அர்பன் படம் முழுவதும் கவசத்துடனேயே நடித்தார். ரசிகர்கள் கொண்டாடினார்கள், வசூல்தான் படுத்துவிட்டது. ரசிகர்களின் தீர்ப்பும் சந்தையின் தீர்ப்பும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2013 இல் வந்த படத்தில் சூப்பர்மேன் தன் எதிரியின் கழுத்தை முறித்துக் கொன்றபோது எழுந்த விவாதமும் இவ்வகையே. ஆடையின் நிறம் மங்கியதைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதைப் பொறுக்கவில்லை.

இது ஹொலிவூட்டுக்கு மட்டுமான பேச்சு என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். எங்கள் புத்தளக் கரையோரத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு.

1970 இல் பதவிக்கு வந்த அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஈழத்து இலக்கியத்துக்கு அது நன்மை செய்ததா என்பது வேறொரு நாளுக்குரிய விவாதம். 1977 இன் பின் கதவு திறந்தபோது, நாங்கள் சிறுவர்கள். சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்துகொண்டிருந்த முத்து காமிக்ஸ் எங்கள் கைகளை அடைந்தது அதன் பிறகுதான். அட்டை கிழிந்து, நடுப்பக்கம் கழன்று, பத்து வீடு சுற்றியே ஒரு பிரதி எங்களிடம் வரும். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் அதைப் படித்தோம். நாங்கள் படித்த இரும்புக்கை மாயாவிக்கோ மின்சாரம் பாய்ந்தால்தான் உடல் மறையும்! கம்பியே வந்திராத ஊரில், கம்பியைத் தொட்டதும் மறைந்துபோகும் ஒருவனைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தோம். இன்று அதே கற்பிட்டிக் குடாநாட்டில் நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாட் கொள்ளளவோடு நிற்கிறது. மாயாவி இக்காலத்தில் வந்திருந்தால் இப்பக்கமே வீடு பார்த்திருப்பார் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு.

மாயாவியின் விதி யாதெனில், உடல் முழுவதும் மறைந்தாலும் அந்த இரும்புக்கை மட்டும் மறையாது. ஆகவே அவர் எப்போதும் பிடிபடக்கூடியவர். வேதாளரின் விதி வேறு. லீ ஃபாக் 1936 இல் உருவாக்கிய அந்நாயகரை முத்து காமிக்ஸ் வேதாளர் என்றது. பின்னர் ராணி காமிக்ஸ் அவரையே மாயாவி என்றது. எந்தப் பெயரில் வந்தாலும் அவர் முகத்தை வாசகர் காண்பதில்லை. முகமூடியின் கண்துளைகளில் விழிகூட வரையப்பட்டிராது. காட்டை விட்டு நகரத்துக்கு வந்தால் கறுப்புக்கண்ணாடியும் தொப்பியும் முகத்தை மறைத்துவிடும். அவருடைய முதல் மூதாதை, 1536 இல் கடற்கொள்ளையரால் கப்பலையும் தந்தையையும் இழந்து கரையொதுங்கியவர். போர்த்துக்கேயர் இந்நாட்டுக்கு வந்து ஒரு தலைமுறைகூடக் கழியாத காலம் அது. அந்தக் கரை எங்கள் கரைதான் என்று கற்பிட்டிப் பையன்கள் சத்தியம் செய்வார்கள்.

1996 இல் சைமன் வின்சர் இயக்கத்தில் வேதாளர் திரைக்கு வந்தார். வீடியோ கசெட்டில் அதைப் பார்த்தோம். பில்லி ஸேன் நன்றாகவே நடித்திருந்தார். மண்டையோட்டுக் குகை இருந்தது, குதிரை இருந்தது, ஓநாய் இருந்தது. ஆனால் முகமூடியின் வழியே விழிகள் தெரிந்தன. நகரத்துக்கு வந்ததும் முகமே தெரிந்தது. அழகான முகம். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கூட்டம் அமைதியாகிவிட்டது. முகத்தைக் கண்டவர் கோர மரணமடைவார் என்று இருபது ஆண்டுகள் நம்பியவர்கள், கண்டும் ஒன்றும் நேராமல் வீட்டுக்குப் போனார்கள். அந்த ஏமாற்றத்தை வெறும் ரசிகப் பித்து என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை.

இனி, எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் மூலம் என்று போற்றிய முத்து காமிக்ஸே ஒரு தழுவல்தானே! இரும்புக்கை மாயாவி 1962 இல் பிரித்தானியாவின் வேலியன்ட் இதழில் பிறந்தவர். ஆங்கிலப் பெயரை விட்டுத் தமிழ்ப் பெயர் பூண்டு, சிவகாசித் தமிழ் பேசி, எங்களிடம் வந்தார். அந்த மாற்றத்தை நாங்கள் எதிர்க்கவில்லை; அறியவுமில்லை. ஆகவே, மாற்றமே கூடாது என்று வாதிடும் தகுதி நமக்கில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதே கேள்வி.

இக்கேள்வியை எம்மூர் மக்கள் சித்திரக்கதைகளுக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். உடப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆடி மாதத்துப் பதினெட்டு நாள் திருவிழாவில் பாரதக் கதை படிக்கப்படும். தீமிதிப்போடு விழா நிறைவுறும். அங்கே எழுத்தறியாத முதியவர்களும் பாரதத்தை வரிசை பிசகாமல் அறிவார்கள். தொலைக்காட்சியில் மகாபாரதம் ஓடிய காலத்தில் அவர்களுடன் அமர்ந்து பார்த்திருக்கிறேன். மகுடங்களின் மினுக்கத்தையும் அட்டைக் கோட்டைகளையும் அவர்கள் பொருட்படுத்தவேயில்லை. கர்ணன் கேட்டவர்க்கு இல்லையென்னும் தருணம் வந்துவிடுமோ என்பதில் மட்டுமே அவர்களின் கண் இருந்தது. கர்ணனின் உடை எந்நிறமாயினும் ஆகுக. கொடை மாறினால் அவன் கர்ணனல்லன்.

இந்த இடத்தில் ஒரு நண்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். மன்னார்த் தீவைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, குடும்பத்தோடு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர். அப்போது அவருக்கு இருபது வயது. வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் சேர்த்துவைத்திருந்தார். பெட்டி அங்கேயே கிடந்தது. பின்னர் தில்லையடிப் பக்கம் கிடுகுக் கொட்டிலில் வாழ்ந்த காலத்தில், முகாம் பிள்ளைகளை இரவில் சேர்த்துவைத்து அக்கதைகளை நினைவிலிருந்து சொல்லிவந்தார்.

முகாமில் மின்சாரம் இல்லை. "மாயாவிக்கு கரண்ட் எங்கால வரும், நானா?" என்று ஒரு பிள்ளை கேட்டதாம். நண்பர் சற்றும் தாமதியாமல், "இடியில இருந்து" என்றாராம். அன்றிலிருந்து அவருடைய மாயாவி மழை நாட்களில் மட்டுமே மறைந்தார். ஆய்வுகூட விபத்தில் கை போன கதையையும் அவர் சொல்லவில்லை. அங்கங்களை இழந்த உறவினர்கள் சுற்றிலும் இருந்த காலம் அது. இவ்வளவு மாற்றங்களையும் பிள்ளைகள் மறுபேச்சின்றி ஏற்றார்கள். ஒருநாள் அசதியில், மாயாவி காவலர் நடுவே யாருக்கும் தெரியாமல் நடந்துபோனார் என்று சொல்லிவிட்டார். உடனே ஒரு சிறுமி எழுந்துவிட்டாள்: "கை தெரியுமே நானா! அவங்க காணாமலா இருப்பாங்க?" கையைச் சாக்கில் சுற்றிக்கொண்டுபோனார் என்று சொல்லித் தப்பிக்கவேண்டியதாயிற்று.

எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்ற கேள்விக்கு அந்தச் சிறுமியின் விடையைவிடச் சிறந்ததொன்றை நான் எந்த விமர்சன நூலிலும் படித்ததில்லை. முற்றாக மறைந்துவிடக்கூடியவனுக்குத் துணிவு எதற்கு? பிடிபடக்கூடிய ஒரு கை இருப்பதால்தான் அவன் நடப்பது துணிவாகிறது. பிடிபடும் அச்சத்தை நன்கறிந்த பிள்ளைகளுக்கு இது விளங்கியிருந்தது.

கடந்த சில ஆண்டுகளாக மாயாவி கதைகள் மறுபதிப்பாக வருகின்றன. நண்பர் கொழும்பில் ஒரு பிரதி வாங்கி, அன்று கதை கேட்ட பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுத்தார். அவர் இப்போது உப்பளமொன்றில் வேலை செய்கிறார். மூன்று பிள்ளைகளின் தந்தை. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாராம்.

"நானா, இது நீங்க சொன்ன கதை இல்லையே. இதில இடியே இல்லை."

"நான் சொன்னதுதான்டா மாத்திச் சொன்னது. இதுதான் மூலம்."

"எங்களுக்கு அதுதான் மூலம், நானா."

நண்பர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தகரப் பெட்டியைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

புத்தகம் அலமாரியில் இருப்பவர்கள், படம் பிடிக்காவிட்டால் புத்தகத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம் என்று ரசிகர்களுக்கு அறிவுரை கூறுவதுண்டு. அலமாரியையே இழந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களிடமுள்ள ஒரே பிரதி நினைவுதான். படம் வந்து அதன்மேல்தான் எழுதுகிறது. கடிதங்களில் நான் கண்ட கோபத்தின் ஒரு பகுதி அவ்வாறு நேரும் என்ற அச்சமே என்று இப்போது எண்ணுகிறேன்.

2021 இல் வந்த மின்னல் முரளி என்ற மலையாளப் படத்தை நண்பரோடு பார்த்தேன். அது எந்தச் சித்திரக்கதையின் தழுவலுமன்று. ஒரு கிராமத்துத் தையற்காரனுக்கு மின்னல் தாக்கி வல்லமை வருகிறது. அதே மின்னல் இன்னொருவனையும் தாக்குகிறது. மின்னல் விழுந்த காட்சியில் நண்பர் என் தோளைத் தட்டி, "நம்மட கதை" என்றார்.

இரும்புக்கை மாயாவி என்ற பெயரில் லோகேஷ் கனகராஜ் படமெடுக்கப்போகிறார் என்ற பேச்சு பல ஆண்டுகளாகவே உண்டு. யாரோ ஒருவர் எப்போதேனும் எடுக்கட்டும். மாயாவி மதுரைத் தமிழ் பேசட்டும், விருப்பமான நிறத்தில் சட்டை அணியட்டும், இரண்டு பாட்டுக்கூட ஆடட்டும். மறையும்போது அந்தக் கை மட்டும் தெரியவேண்டும். தெரியாவிட்டால், உப்பளத்திலிருந்து ஒருவரும், இன்று எங்கோ குடும்பத்தோடு வாழும் அந்தச் சிறுமியும் எழுந்து கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும்.