பரணில் கிடந்த தூரக்கண்ணாடி

தேசூரில் பட்டு நெசவாளர் வீடு. மார்கழிக் காலை. திண்ணையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே குழித்தறியில் பெரியவர்; நாடா ஓடுவதும் பலகை விழுவதும் மூச்சு மாதிரி சீராகக் கேட்கிறது.

பரணைத் துடைக்க ஏறிய பேரன், பழைய தார்க்குச்சிக் கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு தோல்பெட்டியோடு இறங்குகிறான். தையல் விட்டு, வாய் பிளந்த பெட்டி.

“தாத்தா, பைனாகுலர்!”

தறி நிற்கிறது.

பெரியவர் கையைத் துண்டில் துடைத்துக்கொள்கிறார். வாங்கியதும் கண்ணில் வைக்கவில்லை. தோலை முகர்ந்து பார்க்கிறார். “எங்கப்பா பொடவ போடப் போனப்ப மூர் மார்க்கெட்ல வாங்கியாந்த தூரக்கண்ணாடிடா. தொலஞ்சே போச்சுன்னு இருந்தேன்.” சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அந்த மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனது. அங்கே வாங்கிய பொருள் இன்னும் ஒருவர் மடியில் இருப்பதைப் பார்க்க எனக்கே நெஞ்சு நிறைகிறது.

தேய்ந்த எழுத்தைப் பையன் துடைத்துப் படிக்கிறான்: கார்ல் சைஸ், யேனா, 8x30. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்வில்லை 30 மில்லிமீட்டர் அகலம். அந்த ஜெர்மன் கம்பெனி முப்பட்டகம் வைத்த தூரக்கண்ணாடியை 1894இல் விற்கத் தொடங்கியது. உள்ளே ஒளி மடிந்து மடிந்து வருகிறது. குழாய் கட்டையாக இருப்பதும், முன்பக்கம் தோள் விரித்து நிற்பதும் அதனால்தான்.

பெரியவரின் விரல் நடுச்சக்கரத்தைப் பார்க்காமலே தொட்டுவிட்டது. சக்கரம் அசையவில்லை, கிரீஸ் இறுகிவிட்டிருக்கிறது. சூடு பறக்கத் தேய்க்கிறார். முக்கால் சுற்று வருகிறது. இடது வில்லைக்குள் சிலந்தி நூலாகப் பூசணம். வலது பக்கம் தெளிவு.

பிறகு அதைத் தலைகீழாகத் திருப்புகிறார். கண் வைக்கும் முனையைத் தறியில் ஓடும் ஜரிகைமேல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து, பெரிய வில்லை வழியாகக் குனிந்து பார்க்கிறார். அசைவில்லை. “அப்பா ஜரிக பாக்கத்தான் வாங்கினாரு. வா, பாரு.”

பையன் குனிகிறான். “தங்கத்துக்கு நடுவுல செவப்பாத் தெரியுது தாத்தா!”

“அதான் பட்டு. செவப்பு நூலு மேல வெள்ளித் தகட்டச் சுத்தி, அதுக்கு மேல தங்கம்.”

இவ்வளவு நாளும் அந்த இழையை வெறுங்கண்ணால், விரல் நினைவில் நெய்திருக்கிறார். குனிந்த முதுகு நிமிர நேரமாகிறது.

“கயித்தக் கழுத்துல மாட்டிக்கடா மொதல்ல. ஏரியப் பாரு, போ.”

மாடிப்படியில் காலடி. பெரியவர் குழிக்குள் இறங்குகிறார். மிதிமேல் கால் இருக்கிறது, மிதிக்கவில்லை.

“நத்தகுத்தி நார எத்தினி நிக்குதுடா?”

“பதினொண்ணு தாத்தா... இரு, இரு. ஒண்ணு எறங்குது.”

“எறங்கட்டும். அப்புறம் எண்ணு.”